இருட்டறையில் ஒலித்த பாட்டு
இசைநெறியாளர் ரபாயெல் ஷெக்டரின் வாழ்க்கை

ஆண்டு விழா நெருங்கும் வேளையில் எமது பள்ளி மண்டபத்தில் வாரந்தோறும் குழுப்பாடற் பயிற்சி நடைபெறுவதை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிவீர்கள். பிள்ளைகள் நிரையாக நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் ஆசிரியர் ஒருவர் கைகளை அசைத்தபடி நிற்பார். சபையோருக்கு முதுகைக் காட்டி நிற்கும் அவர் ஒரு வரியேனும் பாடுவதில்லை. ஆயினும் எப்போது தொடங்குவது, எங்கே மூச்செடுப்பது, எவ்விடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பன யாவும் அவருடைய கைகளிலேயே தங்கியுள்ளன. எமது கூத்து மரபிலே அண்ணாவியார் வகிக்கும் இடம் எதுவோ, ஏறத்தாழ அவ்விடமே மேனாட்டுச் சேர்ந்திசையில் இவருக்கும் உரியது. இவரை இசைநெறியாளர் என்று அழைப்போம்.

பலருடைய குரல்கள் ஒருவருடைய கைக்குள் அடங்கும்போது அக்கை அதிகாரம் பெறுகின்றது. அவ்வதிகாரத்தை எவ்வாறு கையாளுவது? சுருதியும் தாளமும் அறிந்திருந்தால் மட்டும் போதுமா? பாடுவோரை மதித்தல், அவர்களுக்கு உண்மையை உரைத்தல், அவர்களுடைய இன்ப துன்பங்களில் பங்கெடுத்தல் ஆகியன இசைநெறியாளரின் கடமைகள் ஆகாவா? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்ற ஒருவரை இம்மலரின் வாயிலாக உங்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். அவர் பெயர் ரபாயெல் ஷெக்டர். இரண்டாம் உலகப் போரின்போது, தாம் அடைக்கப்பட்டிருந்த முகாமொன்றிலே சக கைதிகளைக் கொண்டு பாடகர் குழு அமைத்து, உலகின் மிகக் கடினமான சேர்ந்திசைப் படைப்புகளுள் ஒன்றைப் பாடவைத்தவர் அவர்.

இளமையும் கல்வியும்

ருமேனியா நாட்டிலே டானியூப் நதிக்கரையில் பிரயிலா என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. அங்கே யூதக் குடும்பமொன்றில் 1905 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஷெக்டர் பிறந்தார். முதலாம் உலகப் போரின் பின்னர் அவர் செக்கோசுலவாக்கியாவின் புர்னோ நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கு வில்லெம் கூர்ஸ் என்னும் பெயர்பெற்ற ஆசானிடம் பியானோ பயின்றார். ஆசான் தலைநகராகிய பிராக்குக்குச் சென்றபோது மாணவரும் அவரைப் பின்தொடர்ந்தார். பிராக் இசைக் கல்லூரியிலே இசையாக்கமும் இசைநெறியாள்கையும் கற்றுத் தேறினார்.

அக்காலத்துப் பிராக் நகரம் கலைகளின் தாய்வீடாக விளங்கியது. எமில் பூரியான் என்னும் நாடகாசிரியர் நடத்திய புதுமை நாடக அரங்கிலே ஷெக்டர் இசைப்பணி ஆற்றினார். 1937 ஆம் ஆண்டில் சிறு இசைநாடகக் குழுவொன்றைத் தாமே நிறுவி, பெரிய அரங்குகள் மறந்துவிட்ட பழைய படைப்புகளை மேடையேற்றினார். பெருஞ்செல்வமோ பெருங்கட்டடமோ அவரிடம் இருக்கவில்லை. உள்ள சிலரைக் கொண்டு நல்லதைச் செய்யும் பழக்கம் இக்காலத்திலேயே அவருக்கு வாய்த்தது. பின்னர் வரப்போகும் கொடிய நாட்களுக்கு இதுவே ஒத்திகையாக அமைந்தது என நாம் எண்ணுகின்றோம்.

சூழ்ந்த இருள்

1939 மார்ச் 15 ஆம் நாள் ஹிட்லரின் படைகள் பிராக் நகரினுள் நுழைந்தன. அன்று தொட்டு யூத மக்களின் வாழ்வு அங்குலம் அங்குலமாகச் சுருக்கப்பட்டது. தொழில் பறிபோனது. பூங்காவும் பாடசாலையும் அரங்கும் அவர்களுக்கு மூடப்பட்டன. 1941 செப்டெம்பரிலிருந்து மஞ்சள் நிற நட்சத்திரத்தை ஆடையிலே தைத்துக்கொண்டே வெளியில் நடமாட வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. பொதுமேடையிலே இசைக்கும் உரிமையை இழந்த கலைஞர்கள் வீடுகளிலும் யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திலும் மறைவாகக் கூடி இசைத்தனர்.

அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்காகத் தெரிவு செய்யப்பட்டதே ஹான்ஸ் கிராசா என்பவர் இசையமைத்த 'புருண்டிபார்' எனும் சிறுவர் இசைநாடகம். நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கப் பணமின்றிச் சந்தையிலே பாட வந்த அண்ணனையும் தங்கையையும் கொடிய இசைப்பெட்டிக்காரன் ஒருவன் துரத்துகின்றான். ஊர்ப் பிள்ளைகள் யாவரும் ஒன்றுசேர்ந்து பாடி அவனை வெல்லுகின்றனர். இதுவே கதை. இம்முயற்சியின் தொடக்கத்தில் ஷெக்டரும் துணைநின்றார். ஆனால் அது மேடையேறுவதற்கு முன்னரே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது.

1941 நவம்பர் 30 ஆம் நாள் அவர் ஏற்றப்பட்ட புகையிரதம் பிராக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தெரெசீன் நகருக்குச் சென்றது. ஜேர்மானியர் அதனைத் தெரேசியன்ஸ்ராட் என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் யோசேப்பு மன்னர் தம் தாயார் மரியா தெரேசாவின் பெயரால் கட்டுவித்த கோட்டை நகரம் அது. போருக்கு முன்னர் படைவீரரையும் சேர்த்து 7,000 பேரளவில் வாழ்ந்த அவ்விடத்திலே, 1942 செப்டெம்பரில் 58,000க்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். மூன்றடுக்குப் பலகைக் கட்டில்கள், மெலிந்த கஞ்சி, பேன், கழிச்சல், காய்ச்சல் ஆகியனவே அங்கு நிலவிய வாழ்க்கை. போர் முடியும் வரை அங்கு கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர்களுள் 33,000 பேரளவில் அங்கேயே மாண்டனர். 88,000 பேரளவில் கிழக்கே அனுப்பப்பட்டனர். கிழக்கே என்றால் எங்கே என்பது பெரும்பாலோருக்கு அப்போது தெரியாது.

முதற் பாட்டு

ஷெக்டர் அங்கு சென்றபோது முகாம் தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. ஆண்கள் வேறாகவும் பெண்கள் வேறாகவும் படைமனைகளில் அடைக்கப்பட்டனர். பகல் முழுவதும் கடும் உழைப்பு. இரவிலே களைத்து விழுந்த மனிதர் குடும்பத்தை நினைந்து கண்ணீர் விட்டனர். சிலர் ஒரு துண்டு பாணுக்காகச் சண்டையிட்டனர். இதனைக் கண்ட ஷெக்டர், தம்மோடு தங்கியிருந்த ஆண்களைக் கூட்டி, யாவருக்கும் தெரிந்த செக் நாட்டார் பாடல்களைப் பாடத் தொடங்கினார். வாத்தியம் எதுவும் இல்லை. மேடை இல்லை. பாடியோருட் பலர் முன்னர் ஒருபோதும் குழுவிற் பாடியவரும் அல்லர். அவ்வாறே பெண்களுக்கும் ஒரு குழு அமைந்தது. பின்னர் இரண்டும் இணைந்தன.

சில காலத்தின் பின்னர் பழுதடைந்த பழைய பியானோ ஒன்று கிடைத்தது. அதனைத் துணையாகக் கொண்டு ஸ்மெத்தானா என்னும் செக் இசைமேதையின் 'விலைபேசப்பட்ட மணமகள்' என்னும் இசைநாடகத்தை ஷெக்டர் பயிற்றுவித்தார். 1942 நவம்பர் 28 ஆம் நாள் அது முதன்முறையாகப் பாடப்பட்டது. உடையலங்காரமோ காட்சித்திரையோ இன்றிப் பாட்டினால் மட்டுமே நிகழ்ந்த அந்த அரங்கேற்றத்தைக் கேட்டு மக்கள் அழுதனர் என்று உயிர்தப்பியோர் கூறியுள்ளனர். பறிக்கப்பட்ட தம் ஊரின் மணம் அந்தப் பாட்டிலே இருந்தது. புலம்பெயர்ந்து வாழும் எமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அதன் பின்னர் மோட்சார்ட்டின் 'பிகரோவின் திருமணம்', 'மந்திரப் புல்லாங்குழல்' ஆகியனவும் அவருடைய நெறியாள்கையில் பாடப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இம்மனிதர் தம் புகழுக்காகப் பாடகர்களைத் திரட்டவில்லை. பசியும் அச்சமும் மனிதரைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். பக்கத்தில் நிற்பவனின் குரலைக் கேட்டாலன்றிச் சேர்ந்து பாட முடியாது. ஆகவே மனிதர் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் பாட்டை அங்கு கொண்டு சென்றார்.

கடினமான தெரிவு

1943 ஆம் ஆண்டிலே ஷெக்டர் யாவரும் வியக்கத்தக்க முடிவொன்றை எடுத்தார். இத்தாலிய இசைமேதை வேர்டி எழுதிய 'ரெக்குவியம்' என்னும் படைப்பைப் பாடவேண்டும் என்பதே அது. ரெக்குவியம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலிக்குரிய இசை. எழுத்தாளர் மன்சோனியின் நினைவாக வேர்டி இதனை இயற்ற, 1874 மே 22 ஆம் நாள் மிலான் நகரத்து ஆலயமொன்றில் முதன்முறையாக ஒலித்தது. நான்கு தனிப்பாடகர், பெருந்தொகையான குழுப்பாடகர், முழுமையான வாத்தியக் குழு ஆகியோர் இதற்கு வேண்டும். பாடி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். நல்ல உணவுண்டு நன்கு உறங்கியெழும் தொழில்முறைப் பாடகர்களுக்கே இது கடினமானது.

முகாமிலே யூதர்களின் உள்ளலுவல்களைக் கவனிக்க மூப்பர் சபை ஒன்று இருந்தது. அச்சபையினர் சிலர் இத்தெரிவை எதிர்த்தனர். யூதர்கள் ஏன் கத்தோலிக்கரின் வழிபாட்டைப் பாட வேண்டும், எமக்கென்று பாட்டுகள் இல்லையா என அவர்கள் கேட்டனர். இறந்தோருக்கான பாட்டைக் கைதிகள் தமக்கே பாடிக்கொள்வதா என்ற மனக்குறையும் எழுந்தது. பகைவர் இதன் உட்பொருளை உணர்ந்தால் பாடுவோர் யாவருக்கும் ஆபத்து நேரும் என்ற அச்சமும் இருந்தது. இவ்வெதிர்ப்பை அறியாமை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. தம் மக்களின் உயிரையும் மானத்தையும் காக்கக் கடமைப்பட்டவர்களின் நியாயமான கவலையே அது. தாய்மொழியும் தம் சமயமும் அழியும் நிலையில் உள்ள ஓர் இனத்திலே இவ்வினா எழுவது இயல்பு.

ஷெக்டர் ஏன் இதனைத் தெரிந்தார்? அப்பாட்டின் சொற்களிலே அவர் வேறொரு பொருளைக் கண்டார். கடைசித் தீர்ப்பு நாளிலே நீதிபதி வந்தமர்வார், மறைந்திருந்த யாவும் வெளிப்படும், எந்தக் குற்றமும் தண்டனைக்குத் தப்பாது என்று அந்தத் திருப்பலியின் இலத்தீன் வாசகங்கள் கூறுகின்றன. விடுதலை தருமாறு இறைவனை இறைஞ்சுவதோடு அது நிறைவுறுகின்றது. கைதிகள் தம்மைச் சிறைப்பிடித்தோரின் முகத்துக்கு நேரே பேச்சினாற் சொல்லமுடியாததைப் பாட்டினாற் சொல்ல இது வழி செய்யும் என அவர் நம்பினார்.

தம் எண்ணம் சரியென்று உறுதியாக நம்பியபோதும் அவர் அதனைப் பிறர்மீது திணிக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் மணிமுடி. குழுவினரைக் கூட்டி, மூப்பர் சபையின் எதிர்ப்பையும், நேரக்கூடிய ஆபத்தையும் அவர் மறைக்காது எடுத்துரைத்தார். விலக விரும்புவோர் விலகலாம், அதனால் அவர்மீது எவ்விதக் குறையும் இல்லை என்றும் தெளிவுபடுத்தினார். எவரும் விலகவில்லை என்று அவரோடிருந்து உயிர்தப்பியோர் சான்று பகர்ந்துள்ளனர். தலைவர் ஒருவர் உண்மையை முழுமையாகச் சொல்லி, மறுக்கும் உரிமையையும் கொடுத்த பின்னர் கிடைக்கும் சம்மதமே உண்மையான சம்மதம். அச்சத்தினாலும் கூச்சத்தினாலும் தலையசைப்பது சம்மதமாகாது.

பயிற்சி

அவரிடம் இருந்ததோ இசைக்குறிப்பு நூலின் ஒரே ஒரு பிரதி. ஏறத்தாழ 150 பாடகர்கள் அதனைப் பார்த்துப் படிக்க இயலாது. ஆகவே பகல் வேலை முடிந்த பின்னர், குளிர்ந்த இருட்டறையிலே, பியானோவில் ஒவ்வோர் அடியாக வாசித்தும் பாடியும் காட்டினார். பெண்களின் மேற்குரல், கீழ்க்குரல், ஆண்களின் மேற்குரல், கீழ்க்குரல் என நான்கு பகுதியினரும் தத்தம் பகுதியைச் செவிவழி கேட்டு மனனஞ் செய்தனர். குரு சொல்ல மாணாக்கர் திருப்பிச் சொல்லும் எமது பழைய திண்ணைக் கல்வியை இது நினைவூட்டுகின்றது. குழுவினர் பலருக்கு இலத்தீன் மொழி தெரியாது. ஓசையை மட்டும் மனனஞ் செய்தாற் போதுமென அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு சொல்லின் பொருளையும் விளக்கினார். தாம் பாடுவது இன்னதென்று அறிந்தே அவர்கள் பாட வேண்டுமென்பது அவர் கொள்கை.

பயிற்சியிலே அவர் மிகவும் கண்டிப்பானவர். பட்டினியைக் காரணங்காட்டிச் சுருதி தாழ்வதை அவர் ஏற்பதில்லை. முதலில் இது கொடுமையாகத் தோன்றலாம். சிந்தித்துப் பார்த்தால் அதன் உள்ளே இருக்கும் மதிப்புத் தெரியும். முகாமை நடத்தியோர் கைதிகளை எண்ணிக்கையாகவே கண்டனர். ஷெக்டரோ அவர்களைப் பாடகர்களாகக் கண்டார். பாடகரிடம் மட்டுமே நல்ல பாட்டை எதிர்பார்க்க முடியும். பயிற்சி நடந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தாம் பசியை மறந்திருந்ததாகவும், மீண்டும் மனிதராக வாழ்ந்ததாகவும் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

குறைந்துகொண்டே போன குழு

1943 செப்டெம்பரிலே ரெக்குவியம் அரங்கேறியது. வாத்தியக் குழுவுக்குப் பதிலாகப் பியானோ மட்டுமே ஒலித்தது. ஆனால் அதே செப்டெம்பரில் 5,000 பேர் இரண்டு புகையிரதங்களில் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். டிசெம்பரில் இன்னும் 5,000 பேர் அனுப்பப்பட்டனர். பாடகர்கள் பலரும் அவர்களோடு சென்றனர். ஷெக்டர் எஞ்சியோரைக் கூட்டினார். புதியவர்களைச் சேர்த்தார். முதலாம் அடியிலிருந்து மீண்டும் தொடங்கினார். இரண்டாவது குழுவும் கலைந்தது. மூன்றாம் முறையாகவும் அவர் தொடங்கினார். ஈற்றில் குழுவில் எஞ்சியோர் 60 பேரளவினரே. இவ்வாறாக ஏறத்தாழ பதினாறு முறை அந்த இசை அம்முகாமிலே ஒலித்தது.

இப்பகுதியை எழுதும்போது எமது கை சற்றுத் தயங்குகின்றது. ஊரிலே நாம் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஒவ்வோர் இடப்பெயர்வின் பின்னரும் மரநிழலில் வகுப்பைக் கூட்டி இடாப்பை விரித்துப் பெயர்களைக் கூப்பிடுவோம். சில பெயர்களுக்கு விடை வராது. வேறூருக்குப் போய்விட்டார்கள் என்று பிள்ளைகள் சிலவேளை சொல்வார்கள். சிலவேளை எதுவும் சொல்லாமல் நிலத்தைப் பார்ப்பார்கள். அடுத்த பெயரைக் கூப்பிடுவதா, புத்தகத்தை மூடுவதா என்று அந்தக் கணத்திலே ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும். ஷெக்டரின் துன்பத்தையும் எமது துன்பத்தையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது எமது நோக்கமன்று. ஆயினும் வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டே முதலாம் அடியை மீண்டும் சொல்லிக்கொடுப்பதற்கு எவ்வளவு மனவுரம் வேண்டும் என்பதை நாம் ஓரளவு அறிவோம்.

பகைவர் முன்னிலையில்

1944 ஆம் ஆண்டிலே தெரெசீன் முகாமைப் பார்வையிடச் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகளும் டென்மார்க் அரசின் பிரதிநிதிகளும் வர இருந்தனர். உலகை ஏமாற்றுவதற்காக முகாம் அழகுபடுத்தப்பட்டது. வீடுகளுக்கு வர்ணம் பூசப்பட்டது. புல்லும் பூச்செடிகளும் நடப்பட்டன. இசைமேடை ஒன்றும் அமைக்கப்பட்டது. சனநெரிசலைக் குறைப்பதற்காக அந்த மே மாதத்திலே 7,500 பேரளவில் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஜூன் 23 ஆம் நாள் விருந்தினர் மூவர் வந்தனர். குறிக்கப்பட்ட பாதையிலே அவர்கள் நடத்திச் செல்லப்பட்டனர். 'புருண்டிபார்' நாடகத்தைப் பிள்ளைகள் நடித்துக் காட்டினர். சுவிஸ் நாட்டுப் பிரதிநிதி முகாமைப் பற்றி நல்லவிதமாகவே அறிக்கை எழுதினார்.

அன்றைய தினம் ரெக்குவியத்தையும் பாடுமாறு ஷெக்டருக்குக் கட்டளை பிறந்தது என்று உயிர்தப்பியோர் கூறுகின்றனர். நாசி அதிகாரிகளும் அமர்ந்திருக்க, அந்த 60 பேரும் நின்று பாடினர். தீர்ப்பு நாளைப் பற்றியும் தப்ப முடியாத நீதியைப் பற்றியும் இலத்தீனிலே பாடினர். அது யாருக்காகப் பாடப்பட்டதென்று பாடியோர் அறிந்திருந்தனர்.

இங்கே ஒரு சங்கடமான வினா எழுகின்றது. பொய்க்குத் திரையாக அமைக்கப்பட்ட மேடையிலே பாடுவது அப்பொய்க்குத் துணைபோவதாகாதா? இவ்வினாவை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். ஷெக்டருக்கு முன்னால் நல்ல வழி எதுவும் திறந்திருக்கவில்லை. மறுத்தால் குழுவினருக்குத் தண்டனை நேரும். பாடினால் பகைவர் அதனைத் தமக்குச் சாதகமாகக் காட்டுவர். இரண்டையும் அறிந்தே அவர் கைகளை உயர்த்தினார். வந்தவர்கள் உண்மையைக் கேட்கத் தவறியது பாடியவர்களின் குற்றமன்று என்பதே எமது கருத்து. எனினும் பாட்டொன்று எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் நாம் விரும்பவில்லை. அன்று பாடிய பாட்டு எந்தப் புகையிரதத்தையும் நிறுத்தவில்லை.

முடிவு

அவ்வாண்டு செப்டெம்பர் 28 முதல் ஒக்ரோபர் 28 வரையான ஒரு மாதத்தினுள் 18,000க்கு மேற்பட்டோர் தெரெசீனிலிருந்து அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒக்ரோபர் 16 ஆம் நாட் புகையிரதத்திலே ஷெக்டரும் ஏற்றப்பட்டார். அதே புகையிரதத்திலேதான் ஹான்ஸ் கிராசா, விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், கிடியோன் கிளைன் ஆகிய இசையாக்குநர்களும் சென்றனர். ஒரு நாட்டின் ஒரு தலைமுறை இசை அந்த வண்டியிலே போனது. இவர்களுள் எவரும் மீளவில்லை. 1945 மே மாதத்திலே சோவியத் படைகள் தெரெசீனை வந்தடைந்தபோது ஷெக்டர் உயிரோடு இல்லை. தம் நாற்பதாவது பிறந்தநாளை அவர் காணவில்லை. அவருக்குக் கல்லறையும் இல்லை.

ஆனால் அவருடைய குழுவிற் பாடிய சிலர் உயிர்தப்பினர். பாட்டைச் செவிவழி கற்ற அவர்கள் அதனை மறக்கவில்லை, கற்பித்தவரையும் மறக்கவில்லை. அவர்கள் சொல்லியே உலகம் அவரை அறிந்தது. யோசெப் போர் என்னும் எழுத்தாளர், தாமும் அம்முகாமிலிருந்து உயிர்தப்பியவர், 1963 ஆம் ஆண்டில் இதனைக் கதையாக எழுதினார். அமெரிக்க இசைநெறியாளர் மரி சிட்லின் 2002 ஆம் ஆண்டு முதல் இவ்வரலாற்றைச் சொல்லி ரெக்குவியத்தை மேடையேற்றினார். 2006 ஆம் ஆண்டில் தெரெசீன் மண்ணிலேயே அந்த இசை மீண்டும் ஒலித்தது.

நாம் கற்க வேண்டியன

எமது பள்ளியிலே குழுப்பாடல் பழக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக எம்மிடம் உள்ளது. அந்த அனுபவத்திலே ஒரு தவற்றை இங்கு ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர் விழாவுக்கு இரு வாரங்கள் இருக்கையில், சுருதி சேராத ஒரு சிறுவனை அழைத்து, உதட்டை மட்டும் அசைத்தால் போதுமென்று சொன்னோம். பாட்டு நன்றாக அமைய வேண்டும், சபையோர் பாராட்ட வேண்டும் என்பதே அப்போது எமது நினைவு. சிறுவன் தலையாட்டினான். விழாவன்று ஒழுங்காக வந்து நின்று உதட்டை அசைத்தான். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. தமிழ்ப் பள்ளிக்குப் போக விருப்பமில்லை என்கிறான் என்று தாயார் சொன்னார். காரணம் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். எமக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அன்று நாம் அவருக்கு அதனைச் சொல்லவில்லை.

பசியால் நடுங்கிய மனிதர்களுக்கு முதலாம் அடியிலிருந்து மூன்று முறை கற்பித்த ஒருவரின் வாழ்க்கையை வாசித்தபோது அந்தச் சிறுவனின் முகமே எம் முன்னால் வந்தது. ஷெக்டர் கண்டிப்பானவர்தான். ஆனால் அவர் எவரையும் பாடாமற் செய்வதற்காகக் கண்டிக்கவில்லை, பாடவைப்பதற்காகவே கண்டித்தார். கண்டிப்புக்கும் கைவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இதனைத் தெரிந்துகொள்ள எமக்கு இத்தனை காலம் ஆயிற்று. சென்ற மாதம் அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்று, தாயார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது அவன் எம்மிலும் உயரமாக வளர்ந்துவிட்டான். பரவாயில்லை என்று மட்டும் சொன்னான். மீண்டும் வருவானோ அறியோம். வந்தால் அவனுக்கு நிரையிலே இடமுண்டு.

குழுவை நடத்தும் எவருக்கும், அது பாடகர் குழுவாயினும் விளையாட்டுக் குழுவாயினும் குடும்பமாயினும், ஷெக்டரின் வாழ்க்கை சிலவற்றைச் சொல்லுகின்றது. செய்யப்போவது இன்னதென்று உன்னைப் பின்தொடர்வோருக்கு மறைக்காது சொல். மறுக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடு. பொருள் விளங்காமல் எதனையும் மனனஞ் செய்ய வைக்காதே. அவர்களிடம் உயர்ந்ததை எதிர்பார், ஆனால் அதற்கு வேண்டிய உழைப்பை முதலில் நீ கொடு. ஒருவர் குறைந்தால் அந்த வெற்றிடத்தைப் பார்த்து வருந்து, பின்னர் எஞ்சியோரோடு மீண்டும் தொடங்கு.

மாணவச் செல்வங்களே, இவ்வாண்டு விழாவிலே நீங்கள் மேடையேறிப் பாடும்போது, பக்கத்தில் நிற்பவரின் குரலையும் சற்றுக் கேளுங்கள். பாடும் சொல்லின் பொருள் தெரியாவிட்டால் வெட்கமின்றி எம்மிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சொல்லித்தருவது எமது கடமை. பெற்றோர்களே, பயிற்சிக்குப் பிள்ளைகளைக் குளிரிலும் மழையிலும் அழைத்து வந்து வாகனத்தினுள் காத்திருக்கும் உங்கள் பொறுமைக்கு எமது நன்றி. சபையிலே அமர்ந்திருக்கும்போது சுருதி தவறும் ஒரு குரல் காதில் விழுந்தால் முகஞ் சுழிக்காதீர்கள். அக்குரலும் இக்குழுவுக்கு உரியதே. இந்த ஆண்டு எமது பள்ளியிலே எல்லாப் பிள்ளைகளும் வாய்விட்டுப் பாடுவார்கள்.